அம்மாயிக்கு இங்கிலீஷ் தெரியும்

2012ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டுக்கு வந்த தம்பி எங்கள் லயத்து இஸ்தோப்பில் ஒரு பலகைக் கட்டிலில் உட்கார்ந்து வீடு வீடாகப் பதிந்து கொண்டிருந்தார். பங்குனி மாதம். வருடத்தில் பாதி நாள் மழையில் ஊறிக் கிடக்கும் வட்டவளையில் அன்று நல்ல வெயில். தொங்கல் காம்பராவில் இருந்த அம்மாயியின் முறை வந்தது. பெயர், வயது, மதம் எல்லாம் கேட்டு முடித்து மொழிக்கு வந்தார்.

"தமிழ் பேசுவீங்க. சிங்களம்?"

"கடைக்குப் போக வர அளவுக்குத் தெரியும் தம்பி."

"இங்கிலீஷ்?"

அம்மாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எனக்கா? நான் கைநாட்டு தம்பி. கொழுந்து மலையில் கிடந்தவளுக்கு இங்கிலீஷ் எங்க?"

தம்பி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அவங்களுக்கு இங்கிலீஷ் பேசத் தெரியும். அழிச்சிட்டு எழுதுங்க" என்றேன். அம்மாயி என்னை முறைத்தார். தம்பியும் ஏதோ வேடிக்கை பேசுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார். எதைப் பதிந்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் இங்கிலீஷால் என் வாழ்க்கையில் ஒரு சொல் மாறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது வட்டவளையில்தான். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் அப்பா இந்த மலைநாடு இனி வேண்டாம் என்று எங்களைக் கிளிநொச்சிப் பக்கம் கூட்டிப் போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது. 1977இலும் 1981இலும் அடிபட்டுப் போன குடும்பங்கள் ஏற்கெனவே வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். எங்களைப் போல் மலையகத்திலிருந்து போன சனம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எவ்வளவு பேர் என்று அங்கே இருந்த வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கேயே படித்தேன், பத்தாம் வகுப்போடு நின்றேன், கல்யாணம் கட்டினேன், இரண்டு பிள்ளைகளைப் பெற்றேன். 2009 சித்திரையில் மாத்தளன் பக்கம் வைத்து என் கணவர் தண்ணீர் எடுக்கப் போனார். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவ்வளவுதான் தெரியும்.

மெனிக் பாம் முகாமிலிருந்து அந்த வருடக் கடைசியில் வெளியே விட்டார்கள். போவதற்குக் காணியும் இல்லை, வீடும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வட்டவளைக்கு, அப்பாவின் தங்கையான என் அத்தையிடம் வந்தேன். ஒரு காம்பராவில் ஏழு பேர். அத்தை ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அத்தை வீட்டுக்கு அடுத்த தொங்கல் காம்பராவில்தான் அம்மாயி இருந்தார். எனக்குச் சொந்த அம்மாயி அல்ல. லயத்துக்கே அம்மாயி. 1940ஆம் ஆண்டளவில் பிறந்தவர். பதினொரு வயதில், பெரிய துரை பங்களாவில் கைக்குழந்தை பார்க்க ஆள் வேண்டும் என்று கங்காணி கேட்டு வந்தபோது, வீட்டில் வயிறு ஒன்று குறையட்டும் என்று அனுப்பிவிட்டார்களாம். அன்று தொடங்கி இருபது வருடம் வெள்ளைக்காரத் துரைமாரின் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். ஒரு துரை போவார், இன்னொரு துரை வருவார். பங்களாவோடு தளபாடம் கைமாறுவது போல ஆயாவும் கைமாறுவார். எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரர் எல்லாம் போய்விட்டார்கள். அம்மாயி கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போனார். பள்ளிக்கூட வாசல் மிதித்தவர் அல்ல. தமிழில்கூடத் தன் பெயரை எழுதத் தெரியாது.

இதெல்லாம் எனக்கு உடனே தெரிந்துவிடவில்லை. நான் வந்து ஐந்தாறு மாதம் கழித்து, 2010 ஆனி மாதம் என்று நினைக்கிறேன், எனக்கு ஒரு கடிதம் வந்தது. முகாமில் இருந்தபோது ஒரு நிறுவனத்தார் வந்து பெண்களிடம் விபரம் எழுதிப் போனார்கள். அவர்களுடைய கண்டி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். முழுவதும் இங்கிலீஷ். அவர்கள் முகாமில் நிரப்பிய ஃபோமின் பிரதி ஒன்றும் என்னிடம் இருந்தது. ஷொப்பிங் பையில் சுற்றி, குடும்ப அட்டையோடு பத்திரமாக வைத்திருந்தேன். அதுவும் இங்கிலீஷ்தான்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் வாசித்தது என்னவென்று தெரியாது. நம்மில் நிறையப் பேருக்கு இந்த நிலைமைதான். போர்ட் படிப்போம், மருந்துப் போத்தலில் பெயர் படிப்போம், நாலு வரியாக வந்தால் இருட்டு. கிளாக்கர் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்றால், என் சங்கதி நாளைக்கு லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயம்.

இஸ்தோப்பில் உட்கார்ந்து வாய்விட்டு எழுத்துக் கூட்டிக் கொண்டிருந்தேன். மழை தகரத்தில் அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று நினைத்தேன். கடிதத்தில் ஒரு கிழமையின் பெயர் இருந்தது. நான் அதை எழுத்தெழுத்தாக "வெட்னெஸ்டே" என்று படித்தேன்.

"வென்ஸ்டே" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

எட்டிப் பார்த்தால் அம்மாயி அரிசி புடைத்துக்கொண்டு இருக்கிறார். "புதன்கிழமை தாயி. வென்ஸ்டே. எங்க, மத்ததைப் படி."

அப்படித்தான் தொடங்கியது. நான் எழுத்துக் கூட்டினேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் சொல்வது தப்பாக இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஏதோ ஒன்றில் அவருக்குப் பிடிபடும். "டியர் மேடம்" என்றேன். "உன்னைத்தான் மேடம்னு எழுதியிருக்கான். நல்லாத்தான் இருக்கு" என்றார். "க்நோவ்" என்று நான் படித்ததற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எல்லாச் சொல்லும் அவருக்குத் தெரிந்தது என்று சொல்லமாட்டேன். சில நீளமான சொற்களை நான் எப்படிப் புரட்டிப் போட்டாலும் "இது பங்களாவில் பேசின சொல்லு இல்ல" என்று விட்டுவிட்டார். ஆனாலும் விஷயம் விளங்கியது. புதன்கிழமை கண்டிக்கு வரவேண்டும், ஃபோமைக் கொண்டுவர வேண்டும், தையல் இயந்திரம் கொடுக்கப் போகிறார்கள்.

தையல் இயந்திரம் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோசத்தில், ஃபோமையும் படித்துவிடுவோம் என்று எடுத்தேன். என் பெயர், பிறந்த திகதி, பிள்ளைகளின் பெயர். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் ஐந்தே எழுத்து. "விடோ" என்றேன். சரியாகவே படித்துவிட்டேன் போலிருக்கிறது.

அம்மாயி கண்ணைத் திறந்தார். "இன்னொருக்கா சொல்லு."

"விடோ."

சுளகைக் கீழே வைத்தார். "தாயி, ஒம் புருசன் செத்துட்டாருன்னா நீ சொன்ன?"

"இல்லையே அம்மாயி. காணேல்லை எண்டுதான் சொன்னனான்."

"பெரிய தொரையோட அம்மா சீமையிலேருந்து வந்து பங்களாவுல ரெண்டு மாசம் நின்னா. கறுப்புச் சட்டைதான் போடுவா. தொரசாணி வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அந்தச் சொல்லைத்தான் சொல்லும். புருசன் செத்துப் போனவன்னு அர்த்தம். வேற அர்த்தம் கிடையாது."

முகாமில் அந்த ஃபோமை எழுதிய நாளை நினைத்துப் பார்த்தேன். வெயிலில் வரிசை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பெண்ணும் மொழிபெயர்க்க ஒருவரும். நான் ஐந்து நிமிடம் அழுதழுது சொன்னதை அவர் ஒரு சொல்லில் சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டி எழுதினார். கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு முன்னால் நூறு பெண்கள். ஆனால் என் கையெழுத்துக்கு மேலே என் வாயால் வராத ஒரு சொல் எட்டு மாதமாக இருந்திருக்கிறது. அதை நான் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன்.

புதன்கிழமை விடியற்காலை ரயிலில் அம்மாயி என்னோடு வந்தார். நான் கூப்பிடவில்லை. அவரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனை போகும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார் என்று பிறகுதான் சொன்னார். நாற்பது வருடமாக ஒருவரோடும் பேசாத பாஷை அல்லவா.

அலுவலகத்தில் இருந்தது கொழும்புப் பிள்ளை ஒன்று. சிங்களமும் இங்கிலீஷும் தெரியும், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கிறவர் லீவு. எங்களை இருக்கச் சொல்லிவிட்டு ஃபோமைப் பார்த்தார். அம்மாயி இருக்கவில்லை. மேசை ஓரத்தில் கையைக் கட்டி நின்று சொன்னார்: "குட் மோர்னிங் மேடம். திஸ் வர்ட் இஸ் ராங். ஷி டிட் நாட் சே தட். ஹர் ஹஸ்பண்ட் இஸ் லொஸ்ட். நோபடி நோஸ்." அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது! எதிரே நிற்பது காதில் ஓட்டை தொங்கும் ஒரு தோட்டத்துக் கிழவி. வாயில் வருவது சீமை உச்சரிப்பு. எழுந்து நின்று அம்மாயிக்குக் கதிரை போட்டார். எனக்கு அல்ல, அம்மாயிக்கு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு அம்மாயி என் பக்கம் திரும்பி, "தாயி, இதைக் கவனமாக் கேளு" என்றார். அந்தத் தையல் இயந்திரம் விதவைகள் பட்டியலுக்கு வந்தது. சொல்லை மாற்றினால் நான் அந்தப் பட்டியலில் இல்லை. காணாமற்போனவர்களின் மனைவிமாருக்கு என்று வேறு உதவி வருமா, எப்போது வரும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மாற்றாமல் விட்டால் அன்றைக்கே பின்னேரம் இயந்திரத்தை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

இதை வாசிக்கிற சகோதரிகளில் பலர் இந்த மேசைக்கு முன்னால் இருந்திருப்பீர்கள். சிலர் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு பிள்ளைகளின் பசியைத் தீர்த்தீர்கள். அது பிழை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். எனக்கு அத்தை இருந்தார், ஒரு கூரை இருந்தது. அது இல்லாதிருந்தால் நானும் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன். அன்றைக்கு மாற்றச் சொன்னேன். அந்தப் பிள்ளை சிவப்புப் பேனையால் கோடு போட்டு, மேலே வேறு சொல் எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். நான் வாசித்தேன். "மிஸ்ஸிங்." அம்மாயி சரி என்று தலையாட்டினார். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம்.

அந்த வருடக் கடைசியிலேயே, போரினாலும் கலவரங்களினாலும் ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் இருப்பவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மரணச் சான்றிதழ் எடுத்தால் காசு, எடுக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று எத்தனை அலுவலகங்களில் கேட்டிருப்போம். 2016இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 'காணாமற்போயுள்ளார்' என்றே ஒரு சான்றிதழ் கொடுக்க வழி வைத்தார்கள். அது இருந்தால் இறந்துவிட்டார் என்று சொல்லாமலே சொத்து, வங்கி, பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கலாம். அதே 2016இல்தான் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. இரண்டு சொல்லுக்கும் நடுவே உள்ள தூரத்தை நாடு ஒத்துக்கொள்ள ஆறு வருடம் பிடித்தது. அம்மாயிக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வட்டவளையில் வயதானவர்களில் யார் யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பார்ப்பது. நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேருக்குத் தெரியும். ஒவ்வொருவருடையதும் ஒவ்வொரு மாதிரி. ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா எழுதுவார், கடிதம் போடுவார், பேசச் சொன்னால் வெட்கப்படுவார். அவருடைய இங்கிலீஷ் செக்ரோலிலும் லெட்ஜரிலும் வளர்ந்தது. ஸ்டேசனில் வேலை பார்த்த சிங்கள மாமா ஒருவர் இருக்கிறார். இந்த ரயில் பாதை 1884இல் ஹற்றனுக்கு வந்ததிலிருந்து ஸ்டேசன் வேலைக்கு இங்கிலீஷ் இல்லாமல் முடியாது என்பார். வெள்ளைக்காரப் பயணிகள் கேட்கிற கேள்வி முழுவதற்கும் பதில் சொல்வார், அதற்கு வெளியே ஒரு சொல் வராது. அவர்தான் எனக்குச் சொன்னார், சிங்களப் பெடியன்கள் இங்கிலீஷைக் 'கடுவ' என்று சொல்வார்களாம். கடுவ என்றால் வாள். "தெரியாதவனை வெட்டுறது" என்று கழுத்தில் கையை வைத்துக் காட்டினார். அவர்களுக்கும் அப்படியா என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. லெபனானில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்து வந்த அக்கா ஒருவர், அரபியையும் இங்கிலீஷையும் கலந்து ஒரு பாஷை பேசுவார். அவருக்கு இரண்டும் தெரியும் என்று அவரே நம்புவதில்லை.

ஆண்களைக் கேட்டால், நாலு சொல் தெரிந்தவர்கூட "கொஞ்சம் தெரியும்" என்கிறார். பெண்களைக் கேட்டால், வீடு நடத்துகிற அளவுக்குத் தெரிந்தவர்கூட "தெரியாது" என்கிறார். எழுதத் தெரிந்தால்தான் தெரியும் என்று கணக்கு. வாயால் கற்றது கல்வி இல்லை என்று யாரோ நம் தலையில் எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தில் 2011 முதல் குடிசன மதிப்பீட்டில், தாய்மொழி வேறாக உள்ளவர்களிடம் 'இங்கிலீஷ் எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள்' என்று கேட்டு, மிக நன்றாக, நன்றாக, நன்றாக இல்லை, அறவே இல்லை என்று நாலு கட்டம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டம் என்று பதில் சொல்கிறவரே தீர்மானிக்க வேண்டும். அம்மாயி அங்கே இருந்தாலும் கடைசிக் கட்டத்தைத்தான் காட்டியிருப்பார்.

தோட்டத்தில் இங்கிலீஷ் ஒருநாளும் வெறும் பாஷையாக இருந்ததில்லை. அது எப்போதும் காகிதமாகத்தான் வரும். அந்தக் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்ததாம். தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தோட்டம் விட்டுத் தோட்டம் சுமந்து போனார்கள். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோதும் காகிதம்தான். அடுத்த வருடம் வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானவர்களை, அத்தாட்சி போதாது என்று தள்ளிவிட்டார்கள். அப்போது அரசாங்கக் காரியம் எல்லாம் இங்கிலீஷில். 1956க்குப் பிறகு சிங்களத்தில். எந்தப் பாஷையில் வந்தாலும் நம்மவர்களுக்கு இன்னொருவர் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பெரிய அளவில் பொறுப்பெடுத்ததே 1977க்குப் பிறகுதான். அதற்கு முன் ஐந்தாம் வகுப்போடு நின்ற பள்ளிகளில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க யார் இருந்தார்கள்? தலவாக்கலைத் தொகுதியில் 1947இல் பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, கொழுந்தெடுக்கிற பெண்களைப் பற்றி இங்கிலீஷிலேயே கவிதை எழுதினார். உலகம் படித்தது. அந்தப் பெண்கள் படித்திருக்க முடியாது.

துரைமார் பக்கமும் ஒரு கதை உண்டு. தமிழ் தெரியாமல் அவர்களால் வேலை வாங்க முடியாது. அதனால் சின்னத் துரைமார் தமிழ் பழகுவதற்கென்றே இங்கிலீஷில் கைநூல்கள் அச்சடித்தார்கள். அதில் ஒன்றின் பெயரே 'இங்கே வா'. தமிழில் அவர்களுக்கு முதலில் தேவைப்பட்ட சொல் அதுதான் போலும். அம்மாயியிடம் இதைச் சொன்னேன். "ஆமா, தொரை அப்படித்தான் பேசும். வா, போ, எடு, வை" என்றார். ஆனால் துரை பிள்ளைகள் அப்படி இல்லையாம். அம்மாயி இடுப்பில் வளர்ந்தவை, முதல் சொல்லே தமிழில் பேசினவை. அம்மாயியும் அந்தப் பிள்ளைகளிடம்தான் இங்கிலீஷ் கற்றார். துரையிடம் 'யெஸ் சேர்' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசத் தேவை வரவில்லை. பிள்ளையோடு பேசக் கதை வேண்டும், அதட்டல் வேண்டும், சமாதானம் வேண்டும், காய்ச்சல் நேரத்தில் எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். அதனால்தான் நாற்பது வருடம் கழித்தும் "அவள் அப்படிச் சொல்லவில்லை" என்று ஒரு முழு வசனம் அவர் வாயில் வந்தது என்று நினைக்கிறேன். ஏழெட்டு வயதானதும் அந்தப் பிள்ளைகளைப் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் சோறு இறங்காது என்று அம்மாயி சொன்னார்.

இன்றைக்கு நம் பெண்கள் பலருக்கு இது வேறு விதமாகத் திரும்பி வந்திருக்கிறது. மகன் கனடாவில், மகள் லண்டனில். பேரப்பிள்ளையைப் பார்க்க அறுபது வயதில் அம்மா போகிறார். பேரப்பிள்ளை இங்கிலீஷில் அழுகிறது. என்னோடு முகாமில் இருந்த ஒரு அக்கா ரொறன்ரோவுக்குப் போய் முதல் ஆறு மாதம் டொக்டரிடம் தன் நோயைச் சொல்ல எட்டு வயதுப் பேத்தியைத்தான் கூட்டிப் போனாராம். பிள்ளையிடம் சொல்ல முடியாத நோய்களைச் சொல்லவே இல்லை. கனடாவில் 2017இலிருந்து 55 வயதானவர்கள் குடியுரிமைக்கு மொழிப் பரீட்சை காட்டத் தேவையில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் டொக்டரின் அறையில் அந்தச் சலுகை உதவாது. அந்த அக்காவிடம் தொலைபேசியில் அம்மாயியின் கதையைச் சொன்னேன். இப்போது பேத்தி தமிழ் கேட்கிறாள், தான் இங்கிலீஷ் கேட்கிறேன், இருவரும் மாறி மாறிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்கிறார். பரீட்சை எழுதத் தேவையில்லாத படிப்பு.

வயது போனால் பாஷை ஏறாது என்று சொல்வார்கள். ஏறுவது மெதுவாகும், அது உண்மை. ஆனால் இரண்டு மூன்று பாஷையைப் புழங்குவதில் மூளைக்கும் ஒரு இலாபம் இருக்கிறது போலிருக்கிறது. ஹைதராபாத்தில் நிசாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் மறதி நோய் வந்த 648 பேரைப் பார்த்து 2013இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பாஷை பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட பாஷை பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் பிந்தித்தான் வந்திருக்கிறது. அதில் என் மனதில் தங்கியது வேறொன்று. எழுத்தறிவே இல்லாதவர்களிடமும் அதே வித்தியாசம் தெரிந்ததாம். வேறு நாடுகளில் செய்த ஆய்வுகள் சில இதை ஒத்துக்கொள்ளவில்லை. டொக்டர்மார் தீர்க்கட்டும். தெலுங்கும் உருதுவும் சந்தையில் கற்ற அந்தக் கைநாட்டு அம்மாக்களை ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாரே, அதற்கே எனக்குச் சந்தோசம்.

ஒரு விஷயத்தை மறக்காமல் எழுதிவிடுகிறேன். 1987இல் செய்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. இங்கிலீஷ் இணைப்பு மொழி. அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. கிடைக்காவிட்டால் 1991இல் சட்டம் செய்து அமைத்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம், அதையும் தமிழிலேயே எழுதலாம். நிறுவனங்களின் ஃபோம்கள் இந்தச் சட்டத்துக்குள் வராமல் இருக்கலாம். ஆனால் கையெழுத்து நம்முடையது. "நீங்கள் எழுதியதை எனக்குத் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்ட பிறகே நான் இப்போது பேனையைக் கையில் எடுப்பேன். முதல் முறை கேட்கும்போது குரல் நடுங்கியது. சிலர் எரிந்து விழுவார்கள். வாசித்துக் காட்டாமல் விட்டவர் இதுவரை ஒருவர்தான். அவருடைய ஃபோமில் நான் கையெழுத்து வைக்கவில்லை.

தையல் இயந்திரத்தை 2013இல் கொழுந்துக் காசில் பழையதாக வாங்கினேன். சட்டை தைத்து, பிள்ளைகள் இருவரையும் உயர்தரம் வரை படிப்பித்தேன். 2017இல் என் கணவருக்கு அந்தச் சான்றிதழை எடுத்தேன். சிவப்புக் கோடு போட்ட ஃபோமும் அதே பையில்தான் இருக்கிறது.

அம்மாயி கடைசி வரை என்னைப் படிக்க வைத்தார். பேப்பரில் சுற்றி வந்த கருவாட்டுப் பேப்பர்கூட விடமாட்டார். "எடு, என்ன எழுதியிருக்கு?" நான் கூட்டுவேன், அவர் அர்த்தம் சொல்வார். 2021இல் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். பெயர்கள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தன. என்னை என் அத்தை என்று நினைத்து, புரட்டாசி மழை எப்போ விடும் என்று கேட்பார். மருந்துப் பெட்டியில் சின்னதாக ஏதோ அச்சடித்திருந்தது. வழக்கம்போல அவர் காதருகே குனிந்து வாசித்தேன்.

"டேக் வித் ஃபுட்."

கண்ணைத் திறக்கவில்லை. உதட்டை மட்டும் பிதுக்கினார்.

"ஃபுட் இல்ல. ஃபூட். சாப்பாட்டோட குடுக்கச் சொல்லியிருக்கான். ரொட்டி இருந்தா கொண்டா."